கோரையின் மூக்கு

லான்பெர்க் மேட்டுக்கு ஏழாம் எண் பேருந்து
மூச்சு வாங்கித்தான் ஏறும்.
மார்புர்க் நகரம் பின்கண்ணாடியில்
ஓட்டுக் கூரைகளாய்ச் சுருங்கும்.
புதன்கிழமை, காலை எட்டேகால்,
புல்லினப் பயிற்சி வகுப்பு.
பதினாறு மாணவர், பதினான்கு நுண்ணோக்கி,
அதில் இரண்டுக்கு விளக்கு எரியாது.

தண்டை விரல்நுனியில் உருட்டுங்கள் என்று தொடங்குவேன்.
புல் உருளும்.
கோரை உருளாது, அதற்கு மூன்று விளிம்பு.
ஆண்டுதோறும் இதைச் சொல்வேன்,
ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இலையில் விரலைக் கீறிக்கொள்வார்.
இழுப்பறையில் பிளாஸ்டர் வைத்திருக்கிறேன்.

இந்த முறை உலர்தாவரக் கிடங்கிலிருந்து
பழைய தாள்கள் சிலவற்றையும் எடுத்து வந்தேன்.
ஒன்று நானே பறித்தது.
முனைவர் பட்டத்தின் இரண்டாம் கோடை,
முழங்கால்வரை சேறு,
ஒரு காலணி இன்னும் அந்தச் சதுப்புக்குள்தான் இருக்கிறது.
தாளின் அடிமூலையில் சீட்டு:
காரெக்ஸ் ஃபிளாவா.
கண்டறிந்தவர்: மங்கையர்க்க
மிச்சப் பெயருக்கு இடமில்லை.

ஃபென்யா வூல்ஃபெர்ஸ், கடைசி மேசை,
கையை உயர்த்தவில்லை.
தாளை இரு கையிலும் ஏந்திக்கொண்டு
நேரே என்னிடம் நடந்து வந்தாள்.
"இதன் மூக்கு வளையவில்லை."

கோரை விதையை மூடிய பைக்கு ஒரு மூக்கு உண்டு.
அது எவ்வளவு நீளம், எவ்வளவு குனிகிறது,
இரண்டு இனங்களுக்கு நடுவே
அவ்வளவுதான் வேலி.
"மூக்கோடு சேர்த்து ஆறு மில்லிமீட்டர் வேண்டும்.
பத்துப் பை அளந்தேன்.
ஒன்றும் நான்கைத் தாண்டவில்லை."
உலர்ந்தால் சுருங்கும் என்றேன்.
சொன்ன வாயே அதை நம்பவில்லை.

மாலையில் கதவைச் சாத்திவிட்டு நானும் அளந்தேன்.
மூன்று புள்ளி ஒன்பது. நான்கு.
மூன்று புள்ளி எட்டு.
இருபதாவது பைக்குப் பிறகு எண்களை எழுதுவதை விட்டுவிட்டேன்.
காரெக்ஸ் டெமிஸ்ஸா.
பள்ளத்தாக்கெங்கும் கிடைப்பது,
பள்ளம் தோண்டினால் தானே வந்து நிற்பது.

அவசரத்தில் பிழைத்ததா?
அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.
ஆனால் அந்த ஜூன் மாதம் நினைவிருக்கிறது:
என் வரைபடத்தின் வடக்கில் ஓர் ஓட்டை.
எனக்கு அது ஃபிளாவாவாக இருக்கவேண்டியிருந்தது.
குனியாத மூக்கைக்
குனிந்ததாகப் பார்த்தேன்.

அந்த ஒரு புள்ளியைக் காட்டித்தான்
ஊராட்சி வாகன நிறுத்துமிடத்தை
சாலைக்கு மறுபுறம் தள்ளி வைத்தார்கள்.
அங்கே இன்று தவளை கத்துகிறது.
தப்பான பெயரின் நிழலில்
சரியான தவளைகள்.

தம்பியிடம் போனில் சொன்னேன்.
ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்தான்.
ஆனையைச் சொல்லாதே,
எனக்கு நான்கு மில்லிமீட்டரில் சறுக்கியது என்றேன்.

கிடங்கில் ஒரு விதி:
பழைய சீட்டைக் கிழிக்கக்கூடாது.
புதியதை அருகில் ஒட்டவேண்டும்.
அடுத்த அலமாரியில் ஒரு தாளில்
நூற்றைம்பது ஆண்டுகளாக நான்கு பேர்
ஒருவர் கீழ் ஒருவராக மறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.
முதலாமவர் கையெழுத்து மிக அழகு,
சொன்னது முழுத் தப்பு.

பசை காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.
கண்டறிந்தவர்: ஃபென்யா வூல்ஃபெர்ஸ்.
பெயர் முழுதும் அடங்கியது,
தேதிக்குப் பிறகும் இடம் மிச்சம்.
தாளை உறையில் இட்டு
வண்டுகளுக்கு அஞ்சி
மைனஸ் இருபதில் வைத்தேன்.

அடுத்த புதனன்று சீட்டின் படத்தைக் காட்டினேன்.
அவள் ஒருமுறை பார்த்தாள்.
"இதற்கு மதிப்பெண் உண்டா?"
இல்லை.
சரி என்று சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு
படியிறங்கிப் போனாள்.

மாவட்ட அலுவலகத்துக்கு எழுதவேண்டிய கடிதம்
மூன்று நாளாகத் திரையில் இருக்கிறது.
மதிப்புக்குரிய ஐயா, அம்மா,
அதற்குப் பிறகு
ஒரு கோடு மட்டும்
துடித்துத் துடித்து நிற்கிறது.