மேல்விலங்கு

எல்லவில் எல்லாமே கூல்தான்.
ஒன்பது வளைவுப் பாலம் கூல்.
ரயில் ஒன்றரை மணி பிந்தினால்
அதுவும் கூல்.
கொத்து ரொட்டியில் உறைப்புக் கூடி
கண்ணீர் வழிய
மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்வான்
மூன்றாம் அறை யோனாஸ்:
கூல்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்
எனக்கு அது கூழ் என்றே கேட்டது.
ஆடிக் கூழை இவர்கள்
எந்தக் கோயிலில் குடித்திருப்பார்கள் என்று யோசித்தேன்.
அப்புறம் கூதல் என்று கேட்டது.
ஓடிப்போய் இரண்டாவது கம்பளி கொடுத்தேன்.
அதற்கும் அதையே சொன்னார்கள்.

முதலாளி ரத்னசிறிக்கு அந்தச் சொல் எல.
ஊர்ப் பேரிலிருந்து ஓர் எழுத்து உதிர்ந்தால் போதும்,
அவருக்கு உலகமே சரியாகிவிடும்.
எல மச்சாங், என்பார் வேன் டிரைவரிடம்.
மச்சான் எங்கள் வீட்டுச் சொல்.
மச்சானை மட்டும் எடுத்தார்கள்,
பெண் எடுக்கவில்லை.

டெனீஸ் வந்தது ஐப்பசி மழையில்.
சிக்காகோ. ஆறாம் அறை.
என் நிறம், என்னைவிட ஒரு பிடி கூட.
ட்ரோம்போன் பெட்டியைக்
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலத் தூக்கி வந்தாள்.
அன்று மண் சரிந்து
பண்டாரவளைப் பக்கம் பஸ் இல்லை, கரண்டும் இல்லை.
குசினியில் நாங்கள் இருவர்,
ஒரு மெழுகுதிரி,
ஒரு கேத்தல் சாயத்தண்ணி.
கூல் என்றால் என்னதான் என்று கேட்டேன்.

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
அது எங்கள் ஆட்களுடையது என்றாள்.
விற்று வாங்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்
பின்வாசலால் நுழைந்து
மேடையேறி வாசித்தார்கள்,
முன்வாசலால் வந்தவர்களுக்கு.
உள்ளே கொதிக்கும்.
முகத்தில் ஆவி தெரியக் கூடாது.
தெரிந்தால் அடி. சில ஊர்களில் கயிறு.
முகத்தைக் குளிர வைத்தார்கள்,
நடையை, குரலை, கடைசியில் இசையையே.
பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைப் பையன்களுக்கு
ஆசை வந்துவிட்டது.
சொல்லைக் கொண்டுபோனார்கள்,
கொதிப்பை அங்கேயே வைத்துவிட்டு.
இது முழுக்கச் சரியோ தெரியாது,
என் மாமா சொன்ன கணக்கு, என்றாள்.

எனக்குத் தராசடி வந்தது.
இரண்டு கிலோ குறைந்ததென்று
அம்மாவுக்கு அரைப்பேர் போட்ட பின்னேரம்.
அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.
லயத்துக்கு வந்து
விறகை மட்டும் கொஞ்சம் பலமாக உடைத்தாள்.

சாப்பாட்டறையில் ஒரு பழைய படம் தொங்குகிறது.
கூடையோடு இருபது பேர்,
ஒருவருக்கும் பேர் இல்லை, கீழே ஒரே சொல்.
அது ஏச்சுத்தானே, எங்கிருந்து வந்தது என்றாள்.
எங்களிடமிருந்துதான் என்றேன்.
ஆனால் எங்களுக்கு அது காசு.
வேலை முடிந்து கையில் வாங்குவது.
அவர்கள் காசின் பேரை ஆளுக்கு வைத்து
கப்பலில் ஏற்றினார்கள்,
காசைக் கரையிலேயே மறந்துவிட்டார்கள்.

மேசையில் சிந்திய மாவில் எழுதிக் காட்டினேன்.
கூல்.
புள்ளியை விரலால் அழித்து
தலையில் ஒரு வளைவு:
கூலி.
வளைவுக்குப் பேர் உண்டா என்றாள்.
உண்டு. மேல்விலங்கு.
நமுனுகலைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் படித்தது.
விலங்கு என்றால்?
மிருகம் என்றேன்.
இன்னோர் அர்த்தமும் இருக்கிறது,
இங்கிலீஷ் வரவில்லை.
இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினேன்.

அவள் கேத்தலைத் தொட்டுப் பார்த்தாள்.
ஆறியிருந்தது.

மாதக் கடைசியில் ரத்னசிறி கவரைத் தந்தார்.
மண்சரிவில் இரண்டு நாள் வெட்டு.
வீட்டுக்குப் போக வழியில்லாமல்
இங்கேயே கிடந்து
ஆறு அறைக்கும் சமைத்த இரண்டு நாள்.
இரண்டு தரம் எண்ணினேன்.
என் கூலி என்று வாயெடுத்தேன்,
பாதி வரைதான் வந்தது.
எல எல, என்றார், முகமெல்லாம் சந்தோஷம்.

அந்த வளைவு இன்னும் பல்லிடுக்கில் நிற்கிறது,
கொழுந்துக் காம்பு மாதிரி.
நாக்கால் நெம்பிக்கொண்டிருக்கிறேன்.
மூன்றாம் அறை
சாவி கேட்கிறது.