காரம் அறியாதவை

சைக்கிள்காரன் கூடையில் இருந்தபோது
அவை ரோஸ், பச்சை, ஊதா.
பூவிழி அழுதாள் என்று பன்னிரண்டு வாங்கினேன்.
ஆத்தங்குடிக்காரியைச் சாயம் ஏமாற்றுமா?
பட்டறையில் அடைக்கலம் தினமும்
கண்ணாடி மேல் ஊற்றுவது அதைத்தானே.
அவர் ஊற்றியது கல்லில் நிற்கும்.
இது இறகு முளைக்க முளைக்க
உதிர்ந்தே போயிற்று.

டிவி வந்த அட்டைப்பெட்டி, அறுபது வாட் பல்பு.
பேப்பர் விரித்தேன், கால் வழுக்கியது.
உமி போட்டேன்.
குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்,
சூடானால் மூலைக்கு ஓடும்,
பரவிப் படுத்தால் சரி.
இவ்வளவுதான் படிப்பு.
மூன்றாம் இரவு கரண்ட் போனது.
கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வெந்நீர் அடைத்து
துணி சுற்றி உள்ளே வைத்து
விடியும்வரை மாற்றி மாற்றி வைத்தோம்.
ஒன்று மட்டும் போயிற்று. ஊதா.
அதன் சாயம் என் உள்ளங்கையில்
இரண்டு நாள் இருந்தது.

பானையில் சாணியும் கந்தல் சாக்கும் திணித்து
நனைத்துப் புற்றோரம் கவிழ்த்தால்
காலையில் கறையான் திரண்டிருக்கும்.
அதைக் கொட்டும்போது அவை ஓடிவரும் ஓட்டம் இருக்கிறதே,
ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்த அன்று
நாங்கள் ஓடுவது அதைவிடக் கொஞ்சம் மெதுவு.

கொல்லை முழுக்கச் செம்பொறை.
கடப்பாறை போட்டால் பொறி பறக்கும்.
நிறம் கலங்கி, முனை உடைந்து
கழித்துப்போட்ட கல்லையெல்லாம் சுமந்துவந்து
அடைக்கலம் பாத்திக்கு வரப்பு கட்டினார்.
பூப்போட்ட வரப்பு.
உள்ளே ஒரு பூ இல்லை.
கோழி எச்சத்தை அள்ளிய கையோடு
கத்தரிக்கு வைத்தேன்,
நாலே நாளில் செடி கருகிற்று.
அது சூட்டு எரு, சருகோடு குழியில் கிடந்து
ஆற வேண்டுமாம்.
யாருக்குத் தெரியும்.

தண்டுக்கீரை விதைத்த அன்று
படலைச் சாத்த மறந்தேன்.
பதினொரு வாத்தியார்கள்
விடைத்தாள் திருத்துகிற மாதிரி
வரி வரியாய்க் கிளறி
எல்லாம் தப்பு என்று போட்டுவிட்டுப் போயின.

இப்போது ஒரு ஒப்பந்தம்.
காய்ப்பு ஓய்ந்த பாத்திக்குள்
முதலில் அவை, பிறகு என் மண்வெட்டி.
விதைத்தால் பழைய மீன்வலை, ஒரு மாதம் தடை.
வெண்டை முழங்கால் தாண்டியதும்
சாயங்காலம் அரை மணி அனுமதி,
வெட்டுக்கிளிக்கும் புழுவுக்கும் மட்டும்.
மிளகாய்ப் பாத்தியைப் பற்றி
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கடித்தால் காது அடைக்கும் குண்டு மிளகாய்,
யார் கேட்பார்கள் என்று இருந்தேன்.
செஞ்சேவல் பழுத்ததாய்ப் பார்த்து
ஒன்று, இரண்டு, நான்கு விழுங்கி
அலகைக் கல்லில் துடைத்துக்கொண்டது.
கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.
அதுகளுக்குக் காரமே தெரியாதாம்மா
என்றாள் பூவிழி. பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம்.

ரோட்டில் போர்டுக்குப் போர்டு
நெஞ்சு நிமிர்த்திய சேவல் படம் போட்டு
எங்கள் ஊர்க் காரத்தை விற்கிறார்கள்.
அதில் வேகிறவனுக்கு
அது என்னவென்றே தெரியாது.

மெஸ் காசி தராசோடு வந்தார்.
ஆறு சேவல், ஐந்தைப் பிடித்தோம்.
பூவிழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
நான் பணத்தை இரண்டு முறை எண்ணினேன்,
மோட்டாருக்கு வால்வு மாற்றணும்.
ஆறாவது மிளகாய்ச் செடிக்குள் புகுந்துகொண்டது.
வெளியே இழுக்கப்போன காசி
கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினார்.

முதல் முட்டைகள் தோல்முட்டை,
விரல் பட்டாலே அமுங்கும்.
பெட்டைகள் பக்கத்துப் பூட்டிய வீட்டுச் சுவரோரம்
உதிர்ந்து கிடந்த காரையைக் கொத்தின.
கல்லை விட்டெறியப் போனேன்.
அடைக்கலம் கையைப் பிடித்தார்:
அந்தச் சுவரை மெழுகிய சுண்ணாம்பில்
வண்டி வண்டியாய் முட்டை ஊற்றினார்களாம்,
எந்தக் கோழிக்கும் கூலி கொடுக்காமல்.
சரி, கொத்தட்டும்.
பழைய பாக்கி.

படலைச் சாத்தினேனா என்று
இன்னொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.