பன்னிரண்டும் ஒரே மண்

செம்மண்டலத்தில் எங்கள் அலுவலகம் பத்துக்குப் பன்னிரண்டு.
நான் நிலத்தைப் பிரித்து வரைகிறேன்.
செபஸ்தியான் அதே நிலத்தில்
இன்னும் கட்டாத வீடுகளின் மேல் வெயில் அடிக்க வைக்கிறான்.
என் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும்.
அவனுடையது லினக்ஸில்தான் பறக்கும்.
இரண்டு கணினி வாங்கக் காசில்லை.
ஒன்றை வாங்கி இரண்டாக்குவதென்று
ஐப்பசியில், கரண்ட் போன ஒரு சாயங்காலம்
மெழுகுவர்த்தி வைத்து முடிவு செய்தோம்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு மெய்நிகர் கணினி.
ஆளுக்கொரு கிராஃபிக்ஸ் கார்டு,
நடுவில் தரகர் இல்லாமல்
நேராகக் கைக்கு.

ஒரு மாதம் சிப்புகளுக்கு வில்லங்கம் பார்த்தேன்.
முதலில் வந்தது பதினாறு கோர், விலையும் படிந்தது.
தாய்ப்பத்திரம் வரை போனால்
எட்டு பெரியது, எட்டு சிறியது.
நஞ்சை எட்டு, புஞ்சை எட்டு.
"பாதிப் பாதி போட்டுக்கலாமே" என்றான் செபஸ்தியான்.
வேலை எந்த வயலில் போய் இறங்குமென்று யார் கண்டது?
இப்படிப் பிரித்துக்கொண்டவர்கள்தான்
மஞ்சக்குப்பம் கோர்ட்டு வாசலில்
வாய்தாவுக்கும் டீக்குமாக அலைகிறார்கள்.

அடுத்தது நல்ல வேகம்.
ஆனால் தனக்கென்று படம் காட்டும் கண் இல்லாதது.
இரண்டு கார்டையும் குடித்தனக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு
வீட்டுக்காரன் இருட்டில் உட்கார்ந்திருந்தால்
ஃபியூஸ் போன அன்று யாரை எழுப்புவது?
அதையும் ஒதுக்கினேன்.

மூன்றாவது, பன்னிரண்டு.
ஆறு ஆறாக இரண்டு சில்லு,
ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர்த் தொட்டி.
பன்னிரண்டும் ஒரே மண்.
வரப்பைக் கம்பெனிக்காரனே போட்டு வைத்திருந்தான்.
வீட்டுக்காரனுக்கு ஒரு சின்ன ஜன்னலும் உண்டு.
"நமக்கு ஆறு ஆறுன்னா அவனுக்கு?"
"பொதுப் பாதைக்கு விடற மாதிரி
ஆளுக்கு ஒண்ணு விடணும்."
செபஸ்தியான் முகம் சுருங்கியது.
பாதைக்கு விடச் சொன்னால்
எல்லாருக்கும் அப்படித்தான் சுருங்கும்.

காமராஜர் சாலைக் கடையில்
"கேமிங்கா மேடம்?" என்றார்கள்.
"பாகப்பிரிவினை" என்றேன்.
பையன் சிரிக்காமல் பில் போட்டான்.

திரும்புகையில் ஆல்பேட்டைச் சாவடி.
பாண்டி பஸ்ஸில் வரும் பையெல்லாம்
அங்கே இறங்கி நின்று பதில் சொல்லும்.
"பெட்டியில என்ன?"
நான் வாயெடுக்கும் முன்
"பன்னிரண்டு கோர்" என்றான் செபஸ்தியான்.
"பன்னிரண்டு குவார்ட்டரா?"
பஸ் மொத்தமும் திரும்பியது,
பின் சீட்டில் ஒருவர் மரியாதையோடு.
பெண் காவலர் டப்பாவைத் திறந்தார்.
பிஸ்கட் அளவுகூட இல்லாத ஒரு சதுரம்.
"இதுக்கா இத்தனை அட்டை?"
கையில் எடுத்துவிடுவாரோ என்று
கெடிலம் தாண்டும் வரை எனக்கு நெஞ்சடைத்தது.

ராத்திரி பதினொன்றரைக்குப் பெட்டி உயிர் பெற்றது.
குழுக்களின் பட்டியலைக் கேட்டேன்.
ஒரு கார்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால்
அது தன் குழுவில் தனியாக இருக்க வேண்டும்.
கூட்டுப் பட்டா என்றால்
கூட இருப்பவனையும் இழுத்துக்கொண்டுதான் வரும்.
செபஸ்தியானுடைய கார்டு பதினாலாம் குழுவில்,
தன் ஒலிச் சில்லோடு மட்டும். சுத்தமான பட்டா.
என்னுடையது பதினாறில்,
நெட்வொர்க் போர்ட்டோடும்
பெயர் தெரியாத இரண்டு பாலங்களோடும்.

சிப்பை ஒரு மாதம் பார்த்தவள்
போர்டை ஒரு ராத்திரிதான் பார்த்தேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இப்போது அவன் பக்கம்
நெல்லிக்குப்பம் ரோட்டு மாடி வீடொன்றின் மேல்
காலை எட்டு மணி வெயில் ஏறுகிறது.
என் திரை கறுப்பு.
நாளைக்குக் கார்டை அடுத்த துளையில் செருகிப் பார்க்க வேண்டும்.
அட்டை டப்பாவின் மூடியில், பழக்கதோஷத்தில்,
பென்சிலால் எழுதி வைத்தேன்:
குழு 16, கூட்டு.
உட்பிரிவு நிலுவை.