இரண்டு அறை, நான்கு அறை

மின்கட்டண ரசீதின் முதுகில்
கட்டம் போட்டான் ரொசமேல்:
இரண்டு அறைப் பெட்டி, நான்கு அறைப் பெட்டி,
விலை, இரைச்சல், ராத்திரி தின்னும் மின்சாரம்.
நிலம் அளக்கிறவன்; எதையும் மூன்று முறை அளப்பான்.
பதினெட்டு டெசிபல் என்றால் எவ்வளவு, என்றேன்.
நீ கோபமாயிருக்கும்போது
வீடு இருக்குமே, அவ்வளவு, என்றான்.

வால்பரைசோவின் குன்றில் தகர வீடு.
தெருவிலிருந்து நூற்று நாற்பத்தொரு படி.
இங்கே எதை வாங்கினாலும்
தூக்கிப் பார்க்க வேண்டும் முதலில்,
பிறகு உலுக்கிப் பார்க்க வேண்டும்.
நாம் மறந்தாலும்
நிலம் மறப்பதில்லை உலுக்கிப் பார்க்க.

நான்கு அறைதான் வேண்டும் என்றாள் மகள்.
மீன்துறையில் பெலிகன்களை
மெதுவோட்டத்தில் படமெடுக்கிறாள் அயெலேன்.
ஒரு பறவை ஒரு முறை இறங்கி அமர
ஆறு ஜிகாபைட்.

கடைப்பெண் யுபித்சாவுக்கு எங்கள் ரசீது பிடித்துவிட்டது.
இரண்டு வட்டு போடுங்கள், என்றாள்,
ஒன்றில் எழுதுவதை மற்றதும் எழுதிக்கொள்ளும்.
ஒன்று செத்தால் மற்றது பதில் சொல்லும்.
அழித்தால்?
அதுவும் இரண்டிலும்தான், சென்யோரா.
கண்ணாடி அது.
கண்ணாடிக்கு ஞாபகம் கிடையாது.
தனியாக ஒரு பிரதி வேறு ஊரில் வையுங்கள்.

வேறு ஊர் என்றதும்
நான் விலைச்சீட்டைப் படிக்கத் தொடங்கினேன்.

இரண்டு அறைதான் வாங்கினோம்.
காலணி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து
போன வருடம் செத்த நாயின் கழுத்துவாரால்
இழுத்துக் கட்டினான்.
நிலம் ஆடினால் ஆடட்டும்.

அப்புறம் பெட்டி கேட்க ஆரம்பித்தது:
யார் எதைப் பார்க்கலாம்,
யார் எதில் எழுதலாம்,
யாருக்கு அனுமதி இல்லை.
இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில்
ஒருவரும் இதை
இத்தனை நேராகக் கேட்டதில்லை.
எல்லாருக்கும் எல்லாம், என்று
அவசரமாகச் சொன்னோம் இருவரும்.

என் மடிக்கணினியைக் கொட்டினேன் முதலில்.
அது முடிந்ததும் அவனுடையதை.
பச்சைக் கோடு நத்தையாய் ஊர்ந்தது.
ஒரே கிறிஸ்துமஸ் ஏழு முறை வந்தது;
ஏழிலும் ரொசமேல் கண்ணை மூடியிருந்தான்.
வரிக் காகிதங்கள். எக்ஸ்ரே. கொதிகலனின் உத்தரவாதம்.
நள்ளிரவுக்குச் சற்று முன்
கோடு நின்றது.

கார்த்தா என்ற பெயரில்
ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது.
மேலெழுதவா?
இரண்டையும் வைக்கவா?

கார்த்தா, கடிதம்.
இருப்பது எது என்று எனக்குத் தெரியும்.
கியோத்தாவில் ஓர் அறைக்கு
முன்பணம் கொடுத்திருந்த குளிர்காலம் அது.
பதினான்கு கிலோபைட்.
அச்செடுக்கவில்லை, அழிக்கவுமில்லை.
முன்பணம் திரும்பி வரவில்லை,
நான் வந்துவிட்டேன்.

வந்து நிற்பது இருபத்தொரு கிலோபைட்.
அதே ஆகஸ்ட்.
என்னுடையதற்கு ஒன்பது நாள் முன்பு.

சமையலறையில் அவகாடோ மசிக்கும் சத்தம்.
அப்படியென்றால்
அந்த ஆகஸ்டில் இந்த மேசையில்
சூப் குடித்துக்கொண்டிருந்தது
கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பேர்.
நான் ஒருத்திதான் என்று
எத்தனை வருடம் வெட்கப்பட்டேன்!
வேறு ஏதாவது கடிதமாகவும் இருக்கலாம்.
வங்கிக்கு. அவன் அண்ணனுக்கு.
ஒரு சொடுக்கில் தெரிந்துவிடும்,
எல்லாருக்கும் எல்லாம் என்று
அனுமதி கொடுத்தாயிற்றே.

உப்பு போதுமா, என்று உள்ளிருந்து கேட்டான்.
இன்னும் கொஞ்சம், என்றேன்.

இரண்டையும் வை, என்று அழுத்தினேன்.
முந்தி எழுதியவன் கடிதத்துக்கு
இரண்டு என்று எண் போட்டுக்கொண்டது பெட்டி.
வட்டும் இரண்டு,
ஆக இப்போது நான்கு கடிதம்.
அனுமதிப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றையும் மாற்றவில்லை.

கோடு மறுபடி நகர்ந்தது.
அடுத்து வரிசையில்
பெலிகன்கள்.