பதினெட்டாம் வரிசை

ஜெலுத்தோங் பிளாட்டுக்குக் கீழே
காசு போட்டால் சுழலும் டோபிக் கடை.
எட்டு உலர்த்திகள். கணக்கு என் பொறுப்பு.

"மழை பெஞ்சா காசு கொட்டுது தவா,
நிஜமா, நம்ம நினைப்பா?"
என்றார் முதலாளி டியோ.
இன்னும் இரண்டு மெஷின் வாங்கும் யோசனை அவருக்கு.

பின்சுவர் மேல் மைலோ டின் வைத்தேன்.
தினமும் காலையில் மகனின் ஸ்கேலை முக்கி
மில்லிமீட்டரை பி நிரலில் எழுதினேன்,
முந்தைய நாள் வெள்ளியை சி நிரலில்.
நவம்பர் முழுக்க.

சமக்குறி. கோரல். அடைப்புக்குறிக்குள்
இரண்டு நிரலையும் எதிரெதிரே உட்கார வைத்தேன்,
பெண் பார்க்க வந்த மாதிரி.

விழுந்தது 0.38.
ஒட்டுறவு உண்டு. சோகை பிடித்த ஒட்டுறவு.

புள்ளிகளாகப் போட்டுப் பார்த்தேன்.
எல்லாம் படியேறிப் போக
ஒன்று மட்டும் வலது கோடியில், தரையில்:
பதினேழாம் தேதி.
மழை நூற்றுப் பன்னிரண்டு. வசூல் சைபர்.

அந்த வரிசையை மறைத்தேன்.
எண் அசையவில்லை.
மறைத்த வரிசையையும் கோரல் எண்ணுகிறது.

அன்று கடையே திறக்கவில்லை நான்.

பெரியாஸ்பத்திரியில்,
ஒட்டுமில்லை உறவுமில்லை என்று
ஆறு வருஷம் முன்பு கையெழுத்திட்டுப் பிரிந்தவன்
மூக்கில் குழாயோடு படுத்திருந்தான்.
அவன் போனில் அவசர எண் இன்னும் என்னுடையது.
படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தை
நிரப்பாமல் நீட்டினேன்.
தாதி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

சைபர் என்றால்
கதவு திறந்திருந்தது, யாரும் வரவில்லை.
வெற்றுக் கட்டம் என்றால்
கதவே திறக்கவில்லை; கோரல் அதைத்
தொடாமல் தாண்டிப் போகும்.
ஒன்றுக்கு மற்றதைத் தட்டியது என் பிழை.

சைபரை அழித்தேன். 0.86.

டியோவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.
"மழைதான் நம்ம பார்ட்னர்!"
இல்லை பாஸ், மழை காசு போடாது.
பால்கனி இல்லாத வீட்டில்
நாளைக்குப் பள்ளிச் சட்டை காயாதவள் போடுகிறாள்.
டிசம்பரில் லீவு விடுவார்கள்,
அப்போதும் பெய்யும். பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"பதினேழில் ஏன் காலி?"
"கடை மூடியிருந்துச்சு."
ஏன் என்பதற்கு அந்தத் தாளில் நிரல் இல்லை.

டின்னைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.
பார்வை நேரம் நாலரைக்கு.