திறந்து வைத்தவர்

எழுபத்தொன்றில் எங்கள் ஊராட்சியிலிருந்து
சண்டைக்குப் போனவர்கள் ஐந்து பேர்.
இந்த ஒரு வரியை உறுதி செய்ய
எனக்கு ஏழு மாதம் ஆனது.

நாலு பேர் திரும்பி வந்தார்கள்.
ஒருவர் விசைத்தறி போட்டார்.
ஒருவர் வட்டிக்கு விட்டார்.
ஒருவர் குடித்துச் செத்தார், காரணம் யாரும் கேட்கவில்லை.
நாச்சிமுத்து இன்னும் இருக்கிறார்,
காதுதான் போய்விட்டது.
"லாரி ஓட்டுனனுங்க, அவ்வளவுதான்" என்பார்
எதைக் கேட்டாலும்.

திரும்பாதவர் காலனிக்காரர்.
ராணுவக் காகிதத்தில் அம்மாசி,
ரேஷன் அட்டையில் அமாவாசை.
எது சரி என்று
பழனாளிடம் கேட்கப் போனேன்.
ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே
வானத்தைக் காட்டினாள், பட்டப்பகலில்.
"நெலா இல்லாத அன்னிக்கு என்னன்னு சொல்லுவீங்க?"
"அமாவாசை."
"அது நீங்க படிச்சவிய சொல்றது.
எங்க பக்கம் சொல்றாப்பல எழுதுங்க."
அம்மாசை என்று எழுதிக்கொண்டேன்.
ஐம்பத்திரண்டு வருடம்
அந்தப் பெயரை அவள் வாய் தொடவில்லை,
அன்றைக்கும் தொடவில்லை.

பெயர்களை அகர வரிசையில் வைத்தேன்.
அம்மாசை முதலில் வந்தார்.
கல் கொடுத்த குவாரிக்காரர்
சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்தார்,
காப்பி வேண்டாம் என்றார்.
"முன்னெழுத்தைச் சேத்திப் பாத்தா
வரிசை மாறுமுங்களே?"
மாறுமுங்க, என்றேன்.
பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது மாதிரி
வைத்திருக்கிறேனுங்க, என்றேன்.
நன்கொடையாளர் கல்லில்
அவர் எழுத்து ஒரு அங்குலம் பெரிதானது.
அதற்கு நான் ஒத்துக்கொண்டேன்.
நானும் சம்பளக்காரன்தான்.

தாராபுரம் ரோட்டில்
தண்ணீர்த் தொட்டிக்கும் மாட்டாஸ்பத்திரிக்கும் நடுவில்
கல்லை நட்டோம்.
சுதந்திர தினம், காலை பத்து மணி என்று
அழைப்பிதழ் அடித்தோம்.
ஆனால் மாதம் ஆடி.
பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று
யாருடைய அழைப்பிதழையும் படிப்பதில்லை.

ஒன்பது இருபதுக்கு
மைக்செட் பையன் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தான்.
நாச்சிமுத்து புளி போட்டு விளக்கிய பதக்கங்களை
சட்டையில் குத்த முடியாமல் உட்கார்ந்திருந்தார்.
பழனாள் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.
அம்மியைப் பறக்க விடும் காற்று
அம்மியை விட்டுவிட்டு
பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய பச்சைத் திரையைத்
தூக்கிக்கொண்டு போய்
கிளுவை வேலியில் போட்டது.

கல் நின்றது, மேலே ஒன்றுமில்லாமல்.

நாச்சிமுத்துவுக்குக் காற்றுச் சத்தம் கேட்டிருக்காது.
நிமிர்ந்தவர் கல்லைப் பார்த்தார்.
எழுந்தார்.
ஒரு பதக்கம் இன்னும் உள்ளங்கையில் இருக்க
அந்தக் கையாலேயே சல்யூட் வைத்தார்.
காற்றாலைகள் மட்டும் சுற்றின.

பழனாள் கிட்டே போனாள்.
எந்த வரி என்று கேட்கவில்லை,
நானும் காட்டவில்லை.
மேலே கைக்கு எட்டிய முதல் எழுத்துக் குழியில்
ஆள்காட்டி விரலை வைத்தாள்.
அது வந்த வழியெல்லாம் போய்
கடைசி எழுத்தில் நின்றது.
"கல்லு அதுக்குள்ள சுடுதுங்க" என்றாள்.

பிறகு நானும் மைக்செட் பையனும்
முள்ளில் கிழிந்த திரையை எடுத்து வந்து,
கிழிசல் பின்பக்கம் போகிற மாதிரி
கல்லைத் திரும்ப மூடினோம்.
நாலு மூலைக்கும் ஜல்லிக்கல் வைத்தோம்.

சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார்.
கயிற்றை இழுத்தார். கை தட்டினார்கள்.
போட்டோவில்
பழனாளின் குடைக்கம்பி மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

ராத்திரி பதிவேடு எழுதினேன்.
திறந்து வைத்தவர் என்ற இடத்தில்
எழுத வேண்டிய பெயரைத்தான் எழுதினேன்,
பதவியோடு, பிழையில்லாமல்.
நேரம் என்ற இடத்தில் மட்டும்
காலை 9.20.

தணிக்கைக்கு இன்னும் ஆள் வரவில்லை.