நான்கு வினாடி பாக்கி

மஞ்சக்குப்பம் மைதானம். மேசைக்குப் பின்னால் நான்,
ஸ்கோர் ஷீட்டுக்கு அடியில் கார்பன் தாள்.

முதல் வருஷம் பெண்கள் லீக்கில் நான்கு அணி:
கடலூர், யாழ்ப்பாணம், மாலே, பினாங்கு.
மறு வருஷம் மாலே இல்லை;
விசா வந்தது, கோப்பை கொடுத்து முடிந்தபின்.
மூன்றாம் வருஷம், புயல் வளைத்த வளையத்தைத்
துறைமுகத்து வெல்டர் நிமிர்த்தினார்.
ஒரு விரற்கடை வடக்கே சாய்ந்துதான் நின்றது.
யாழ்ப்பாணத்துத் தர்மினி மட்டும்
அதைக் கண்டுபிடித்தாள்.

இறுதி ஆட்டம். ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று.
பந்து அவள் கையைவிட்டுப் போனது,
கரன்ட்டும் போனது.

இருட்டில் வலை அசைந்ததாம், அவர்கள் சொன்னார்கள்.
கடல்காற்று என்றார்கள் நம் பெண்கள்.
விடிந்தால் விமானம்.

கூடைப்பந்தில் சமன் கிடையாது, சட்டம் தெரியும்.
நான்காம் வருஷம் வரவே இல்லை.
கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.
எனக்கு என்ன கேட்டதென்று
யாரும் கேட்கவில்லை.